அடுத்த மாதம் 55 ஆகிறது, பென்ஷன் பணத்தைத் தொடலாமா?

கடலோரம்55
2025, திங்கள், இரவு 9.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதியதில்லை. இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பேசிப் பேசி ஒரே இடத்தில் சுற்றுகிறோம், அதனால் இங்கே கேட்கிறேன்.

சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 1998-ல் தென்னாப்பிரிக்கா, டர்பன் வந்தேன், அப்போது வயது 28. ஜேக்கப்ஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு. 2023-ல் ஆட்குறைப்பு. சட்டப்படி வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுத்தால் போதும், இவர்கள் இரண்டு வாரம் கொடுத்தார்கள், கையில் வந்தது 4,85,000 ராண்ட். பென்ஷன் பணத்தைத் தொடாமல் அப்படியே ப்ரிசர்வேஷன் ஃபண்டுக்கு (வேலை போனவர்கள் ஓய்வு வரை பென்ஷன் பணத்தைப் போட்டு வைக்கும் இடம்) மாற்றிவிட்டேன், அது இப்போது 38 லட்சம் ராண்ட். 53 வயதில் புது வேலை தேடி நாலு மாதம் அலைந்தேன், அப்புறம் சரி, இதுதான் ஓய்வு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆக இது ஆசைப்பட்டு எடுத்த சீக்கிர ஓய்வு இல்லை, தள்ளிவிட்ட ஓய்வு.

இசிப்பிங்கோவில் சொந்த வீடு, 2021-லேயே பாண்ட் (வீட்டுக்கடன்) முடிந்தது. மகள் படிப்பை முடித்து ஜோஹன்னஸ்பர்க்கில் வேலையில் இருக்கிறாள். மனைவி இங்கேயே பிறந்தவள், 51 வயது, பள்ளி ஒன்றில் அரைநாள் அலுவலக வேலை, கையில் 6,500 வரும்.

மாதச் செலவைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மளிகை, காய்கறி, கறி எல்லாம் சேர்த்து 5,600. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி பிளான் மட்டும், 5,300. ரேட்ஸ் (வீட்டு வரி), குப்பை, தண்ணீர் 1,900. கரண்ட் 1,150. பெட்ரோல் 1,400, கார் இன்சூரன்ஸ் 720, ஃபைபரும் இரண்டு போனும் 830. கோயில், மொய், பிறந்தநாள் என்று 900, சாவுச் சங்கத்துக்கு 300, சில்லறைக்கு இன்னொரு 300. மொத்தம் 18,400. இதற்கு மேல் போகவிடாமல் இரண்டு வருடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டுப் போட்டு எழுதுகிறேன், எண்ணெய் பாட்டில் திறந்த தேதியைக்கூட எழுதுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பெருமை போன வருடம் செப்டம்பரில் போயிற்று. விடியற்காலை மூன்று மணி இருக்கும், "மழையா பெய்யுது?" என்றாள் மனைவி. மழை இல்லை. நடைபாதைக் கூரைப் பலகை பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது, நான் விளக்கைப் போடுவதற்குள் கிழிந்து கொட்டியது. கூரைக்குள் இருந்த 150 லிட்டர் கீசர் வெடித்திருக்கிறது. வென்னீரும் பஞ்சும் இருபது வருடத் தூசியும் சேர்ந்து சாமி அறை வாசல் வரைக்கும் ஓடியது. பாண்ட் இருந்தவரைக்கும் வீட்டு இன்சூரன்ஸ் தவணையோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது, பாண்ட் முடிந்ததும் அதுவும் நின்றது, மாதம் 400 மிச்சம் என்று நான் வேறு எடுக்கவில்லை. கீசர், கூரை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 23,400.

அதே வருடம் காருக்கு டயரும் கிளட்சும் 11,800. அக்கா மகன் கல்யாணத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போய் வந்ததில் 19,500. கண்ணாடி இரண்டு, பல் ஒன்று, 8,700. கூட்டிப் பாருங்கள், 63,400. மாதத்துக்கு 5,283 ஆகிறது. என் நோட்டில் 18,400 என்றிருக்கிறது, நிஜத்தில் நாங்கள் 23,700-க்கு வாழ்ந்திருக்கிறோம்.

ஆட்குறைப்புப் பேக்கேஜில் இன்னும் 2,06,000 மிச்சம். அடுத்த மாதம் 55 ஆனால் ப்ரிசர்வேஷன் ஃபண்டைத் திறக்கலாம். திறக்கவா, இன்னும் பொறுக்கவா? திறந்தால் எவ்வளவு எடுப்பது?


உப்புமா_போதும்
திங்கள், இரவு 10.15

அண்ணா, நல்ல பதிவு. எனக்கு 34, மிட்ரண்டில் ஐ.டி. வேலை, 45-க்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று இப்போதே பாதிச் சம்பளத்தைச் சேர்க்கிறேன். உங்கள் கணக்கு எனக்குச் சுலபமாகத் தெரிகிறது.

முதலாவது 4% விதி, சேமிப்பில் வருடத்துக்கு 4% எடுத்தால் பணம் தீராது என்பது. 38 லட்சத்தில் 4% என்றால் வருடத்துக்கு 1,52,000. மனைவி சம்பளத்தோடு உங்கள் 18,400 தாண்டிவிடும்.

இரண்டாவது, //மெடிக்கல் எய்ட் ... 5,300// என்கிறீர்கள். வருடத்துக்கு 63,600. உங்கள் ஓட்டை 63,400. அப்படியே அடைத்துக்கொள்ளும்! இருவரும் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், பத்து வருடத்தில் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா? அந்தப் பணத்தைத் தனியாகப் போட்டு வையுங்கள், ஏதாவது வந்தால் அதிலிருந்து எடுக்கலாம். நானே மெடிக்கல் எய்ட் எடுக்கவில்லை.


லெனாசியா_அக்கா
செவ்வாய், காலை 6.05

தம்பி உப்புமா, உன் பதிவைப் படித்துவிட்டுத்தான் டீயே போட்டேன், ஆறிப்போயிற்று.

முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். 63,600 ராண்டைத் தனியாகப் போட்டு வைத்தால் தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூவில் எத்தனை நாள் வரும் என்று யாரையாவது கேட்டுப் பார். ஒரு வாரம் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

கடலோரம் தம்பிக்கு ஒரு விஷயம் கேட்கிறேன். உங்கள் இருவரில் யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா? டர்பனில் 50 தாண்டிய நம் ஆட்களில் இரண்டும் இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆஸ்பத்திரி பிளான்தானே, மாத்திரைக்கு அதில் இடமில்லை என்று கையிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் ஏமாறுகிறீர்கள். குறைந்தபட்ச சலுகை என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா எல்லாம் அதில் வரும். எவ்வளவு மலிவான பிளானாக இருந்தாலும் இவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். டாக்டரிடம் படிவம் எழுதி வாங்கி நோயைப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் சொல்லும் மருந்துக் கடையில், அவர்கள் பட்டியலில் உள்ள மாத்திரையை வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை, கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதும் இல்லை.

அப்புறம் உப்புமா, உனக்கு 34 என்றாய். 35-க்கு மேல் சேருகிறவர்களுக்கு தாமத அபராதம் உண்டு, தெரியுமா? உன் வயதிலிருந்து 35-ஐயும், இங்கே மெடிக்கல் எய்டில் இருந்த வருடங்களையும் கழிப்பார்கள். மிச்சம் 1 முதல் 4 என்றால் சந்தாவில் 5% கூடுதல், 5 முதல் 14 என்றால் 25%, 15 முதல் 24 என்றால் 50%, அதற்கு மேல் 75%. ஒரு தடவை கட்டி முடிக்கிற அபராதம் இல்லை, ஆயுள் முழுக்க. ஐம்பதில் பயம் வந்து நீ போய் நின்றால் ஒன்றரை மடங்கு கட்டுவாய். கடலோரம் இங்கே வந்த 28-லிருந்தே கட்டுகிறார் என்றால், அவருக்கு இந்த அபராதமே வராது. இந்த இழையில் ஆபத்தில் இருப்பது அவர் இல்லை, நீதான்.


மாலைநடை
செவ்வாய், காலை 7.50

அக்கா சொல்வதற்கு நான் சாட்சி. பீட்டர்மாரிட்ஸ்பர்க். 50-ல் வேலையை விட்டேன், செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் வெட்டியது மெடிக்கல் எய்டைத்தான். 30 வயதிலிருந்து கட்டியதால் அபராதம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேரலாம் என்று தைரியம். பதினாலு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் சாப்பிட்டால் வலப்பக்கம் வலி, ஸ்கேனில் பித்தப்பைக் கல். ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் திரும்பச் சேரும்போது முதல் மூன்று மாதம் எதற்கும் கிடையாது, ஏற்கனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது. கல் இருக்கும் இடத்துக்குத்தான் பணம் இல்லை, மற்ற இடமெல்லாம் பத்திரம்!

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் வரிசையில் இருந்து எடுத்துக்கொண்டேன். குறை சொல்ல மாட்டேன், டாக்டர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அந்த ஐந்து மாதம் எண்ணெய் வாசனை வந்தாலே உடம்பு நடுங்கும். தீபாவளிக்கு வீடு முழுக்க முறுக்கு, எனக்கு மட்டும் கஞ்சி.


கணக்குப்பிள்ளை
செவ்வாய், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போகும். வரி ஆலோசகர் லைசன்ஸ் எல்லாம் கிடையாது, பத்துப் பன்னிரண்டு உறவுக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த அனுபவம்தான்.

கடலோரம் அண்ணா, 55 ஆனதும் மூன்றில் ஒரு பங்கு வரை ரொக்கமாக எடுக்கலாம், மிச்சத்தில் மாதாமாதம் பணம் தரும் அன்யூட்டி வாங்க வேண்டும். அந்த ரொக்கத்தில் 5,50,000 வரை வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஆயுளுக்கு ஒரே ஒரு தடவை. ஆட்குறைப்பில் வாங்கிய 4,85,000-மும் அதே கணக்கில்தான் போயிருக்கும். ஆக உங்களுக்கு மிச்சம் 65,000. அதற்கு மேல் எடுக்கும் முதல் ராண்டிலேயே 18% போகும், இன்னும் மேலே போனால் 27, 36. மூன்றில் ஒரு பங்கை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. 65,000 மட்டும் ரொக்கமாக எடுங்கள்.

மிச்சம் 37,35,000 லிவிங் அன்யூட்டியில் (பணம் முதலீட்டிலேயே இருக்கும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டே இருப்போம்) போகிறது என்று வைப்போம். வருடத்துக்கு 2.5 சதவீதத்திலிருந்து 17.5 சதவீதம் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். 4% என்றால் 1,49,400, மாதம் 12,450. இதற்கு 2025-26 வரி வருடத்தின்படி வரி 18% கணக்கில் 26,892, அடிப்படைத் தள்ளுபடி 17,235 கழியும், மெடிக்கல் எய்ட் கட்டும் இருவருக்கு மாதம் 364 வீதம் வருடம் 8,736 கழியும். கட்ட வேண்டியது 921. மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கே 921 ராண்ட். உப்புமா சொன்னபடி மெடிக்கல் எய்டை விட்டால் அந்த 8,736-ம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். லிவிங் அன்யூட்டியின் சதவீதத்தை வருடத்தில் ஒரு தடவைதான் மாற்ற முடியும், அதுவும் நீங்கள் தொடங்கிய அந்தத் தேதியை ஒட்டித்தான். மார்ச்சில் சதவீதம் வைத்துவிட்டு செப்டம்பரில் கீசர் வெடித்தால் ஒரு ராண்ட்கூட மேலே எடுக்க முடியாது. உங்கள் மாதச் செலவு 18,400, வருமானம் 12,450-மும் 6,500-மும் சேர்த்து 18,950. மாதம் சரியாகப் போகும். உங்கள் தலைவலி அந்த 63,400தான். பேக்கேஜ் மிச்சமும் இந்த 65,000-மும் சேர்த்தால் 2,71,000. வருடா வருடம் இதே மாதிரி உடைந்தால் நாலு வருடத்துக்கு வரும். அன்யூட்டிக்கு வெளியே, அவசரத்துக்கு எடுக்கக்கூடிய இடத்தில் அதை வைத்திருங்கள், மாதச் செலவுக்கு ஒருநாளும் தொடாதீர்கள்.

4% விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 1994-ல் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரக் கணக்கை வைத்துச் சொன்னது, அதுவும் முப்பது வருட ஓய்வுக்கு. உங்கள் மனைவிக்கு 51. முப்பது வருடம் போதாது, நாற்பதுக்குப் பாருங்கள். 4-ஐ வாசல்படி என்று நினைக்காமல் கூரை என்று நினையுங்கள்.


திரும்பிப்போனவன்
செவ்வாய், மாலை 5.30

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் ஜோபர்க்கில் இருந்துவிட்டு 2021-ல் திரும்பினேன். இந்த ராண்டுக்கு இங்கே ராஜா மாதிரி வாழலாம், கீசருக்கு இருபத்து மூன்றாயிரமா? ஏன் யாரும் இந்த வழியைச் சொல்லவில்லை என்றுதான் ஆச்சரியம்.


லெனாசியா_அக்கா
செவ்வாய், மாலை 5.48

ராஜா ஐயா, உங்கள் ரிடையர்மென்ட் அன்யூட்டியை (நாமே போட்டுச் சேர்த்த ஓய்வுப் பணத்தை) உடனே எடுத்துக்கொண்டு போக முடிந்ததா?


திரும்பிப்போனவன்
செவ்வாய், மாலை 6.10

அக்கா கரெக்டாகப் பிடித்துவிட்டார்கள். இல்லை. 2021 மார்ச்சிலிருந்து புதுச் சட்டம், 55-க்கு முன்னால் எடுக்க வேண்டுமென்றால் தொடர்ந்து மூன்று வருடம் தென்னாப்பிரிக்க வரிக் குடியிருப்பாளராக இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். நான் மூன்று வருடம் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ராண்ட் விழும்போதெல்லாம் காலையில் ரேட் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். அதுவும் இல்லாமல், செலவு குறைந்தது என்னவோ உண்மை, ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று கல்யாணத்துக்கு ஐயாயிரம் மொய் வைத்தால் முகம் சுளிக்கிறார்கள். அங்கே மிச்சம் பிடித்தது இங்கே உறவுக்குப் போகிறது.


கடலோரம்55
செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. ஊருக்குத் திரும்புவது பற்றி: மனைவி நாலாவது தலைமுறை. அவள் ஆயா பேசிய தமிழை அப்படியே பேசுகிறாள், தென்காசிக்குப் போனால் அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் திருவிழாவை விட்டு அவள் எங்கும் வர மாட்டாள். அந்தக் கதவு மூடியாயிற்று.

அக்கா, எனக்கு பிரஷர், அவளுக்கு சர்க்கரை. இரண்டு வருடமாக மாத்திரையைக் கையிலிருந்துதான் வாங்குகிறோம், மளிகைக் கணக்கிலேயே சேர்த்து எழுதியிருக்கிறேன், மாதம் 480. இன்று மெடிக்கல் எய்டுக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமாம் சார், பதிவு செய்தால் கிடைக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னாள் அந்தப் பெண். இரண்டு வருடம், பதினோராயிரத்துச் சொச்சம். எண்ணெய் பாட்டில் தேதி எழுதியவன் நான்.

கணக்குப்பிள்ளை தம்பி, போன வருடம் பென்ஷன் பணத்தைச் சேமிப்புப் பானை, ஓய்வுப் பானை என்று பிரிக்கும் இரண்டு பானைத் திட்டம் வந்ததும் ஃபண்டிலிருந்து 30,000 எடுத்தேன், கீசர் செலவுக்கு. அது தப்பா?


கணக்குப்பிள்ளை
செவ்வாய், இரவு 9.05

உங்கள் விஷயத்தில் தப்பில்லை. 2024 செப்டம்பர் 1-ல் திட்டம் தொடங்கியபோது பழைய சேமிப்பிலிருந்து 10%, அதிகபட்சம் 30,000, சேமிப்புப் பானைக்கு மாற்றினார்கள். அதை எடுத்தால் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். வேலையில் இருக்கிறவர்கள் எடுத்து மூன்றில் ஒரு பங்கை சார்ஸுக்கு (வரித்துறைக்கு) கொடுத்துவிட்டு அழுதார்கள். உங்களுக்கு அந்த வருடம் வேறு வருமானமே இல்லை, அப்போது 95,750-க்குக் கீழே வரி கிடையாது. முழுசாகத்தான் வந்திருக்கும், நிர்வாகக் கட்டணம் ஏதாவது பிடித்திருப்பார்கள். ஏற்கனவே வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த 38 லட்சத்துக்கு வருடத்துக்கு மொத்தக் கட்டணம் எத்தனை சதவீதம்? அட்வைசர், பிளாட்ஃபார்ம், ஃபண்ட் மேனேஜர் எல்லாம் சேர்த்து.


மடும்பி
புதன், காலை 5.40

நான் டர்பன் சாட்ஸ்வர்த். மடும்பி என்றால் உங்கள் ஊர் சேப்பங்கிழங்கு, இங்கே சூலு பேரையே நாங்களும் சொல்கிறோம். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும், கோயில் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு ஞாயிறு படித்தது.

எல்லோரும் பெரிய கணக்கு பேசுகிறீர்கள், நான் அடுப்பங்கரை. இரண்டு பேருக்கு 5,600 கூடுதல், தம்பி. மாத்திரையைக் கழித்தாலும் 5,120, என் வீட்டில் மூன்று பேருக்கு 4,300. வித்தியாசம் ஆட்டுக்கறி. டர்பன்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி இல்லை என்றால் செத்த வீடு மாதிரி பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். நாங்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஆக்கிவிட்டோம், மற்ற ஞாயிறுகளில் டின் மீன் குழம்பு, கத்தரிக்காய் போட்டு. வாட் 15% எதற்கெல்லாம் இல்லை என்று பாருங்கள்: அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், முட்டை, பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், பிரவுன் பிரெட், டின் பில்சர்ட் மீன். 2019-லிருந்து கேக் மாவும். வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு, கறிக்கு உண்டு, கோழிக்கு உண்டு. நம் ஆயா எப்படிச் சமைத்தார்களோ அதற்கெல்லாம் வரி இல்லை!

பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டு, பழைய கம்பளியில் பானையோடு சுற்றிக் கூடையில் வைத்துவிடுவேன். மதியம் திறந்தால் பட்டாக வெந்திருக்கும். என் பேத்தி முதல் தடவை பார்த்துவிட்டு, "ஆயா, பேபி தூங்குதா?" என்றாள்.

ஒரு எச்சரிக்கை. புரட்டாசி வருகிறது. அந்த மாதம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் முழுக்க சைவம், டபுள் பீன்ஸ் விலை தங்கம் மாதிரி ஏறும். விரதம் இருந்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் முந்தின மாதமே உரித்து, ஒரு கொதி விட்டு, ஃப்ரீசரில் போட்டுவிடுவேன்.

ஜனவரி மளிகைக்கு நாங்கள் பதினொரு பெண்கள் ஸ்டொக்ஃபெல் (சீட்டு மாதிரி கூட்டுச் சேமிப்பு) போடுகிறோம், மாதம் 350. டிசம்பரில் மொத்தக் கடையில் அரிசி, எண்ணெய், சீனி மூட்டையாக வாங்கிப் பிரிப்போம். பணமாகக் கையில் கொடுத்தால் கவரிங் நகையாகிவிடும், அதனால்தான் அரிசி.


உப்புமா_போதும்
புதன், காலை 9.10

மடும்பி அக்கா, அந்தக் கம்பளி விஷயம் அருமை. லெனாசியா அக்கா, நேற்று இரவு தூங்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரி பிளானுக்கு விலை கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். பிறந்தநாள் நவம்பரில்.

அண்ணாவின் கரண்ட் 1,150-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே. அதில் பாதி கீசராகத்தான் இருக்கும்.


கணக்குப்பிள்ளை
புதன், மதியம் 1.05

இருக்கும். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக சுமார் 7 யூனிட் வேண்டும். எங்கள் மீட்டரில் யூனிட் மூன்று ராண்டை ஒட்டி வந்துவிட்டது, ஒரு முழுச் சூடு 21 ராண்ட். இரண்டு பேர் அதை முழுசாகத் தீர்க்கப்போவதில்லை, தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் இறக்கி, டைமர் போட்டால் குறையும். டர்பன் குளிருக்கு இது போதும்.

கரண்டில் எனக்குப் பயம் இன்றைய விலை இல்லை. அரசு மின்சாரக் கம்பெனி எஸ்காமுக்கு அனுமதித்த உயர்வு 2023-ல் 18.65%, 2024-ல் 12.74%, 2025-ல் மறுபடி 12.74%. மூன்றையும் பெருக்கினால் 100 ராண்ட் 151 ஆகிறது. பென்ஷனை விலைவாசியோடு சேர்த்து உயர்த்துகிறேன் என்று நாம் போடும் கணக்கில் விலைவாசி ஒரே எண். வீட்டில் அது ஒரே எண்ணாக இருப்பதில்லை. அரிசி மெதுவாக நடக்கும், கரண்டும் ரேட்ஸும் மெடிக்கல் எய்டும் ஓடும். உங்கள் 18,400-ல் அந்த மூன்றும் தண்ணீரும் சேர்த்தாலே 8,350.


கடலோரம்55
வியாழன், இரவு 9.20

கட்டண விவரம் கேட்டு வாங்கிவிட்டேன். தேடினால் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 2.1%. அட்வைசருக்கு மட்டும் 1%. அவர் கடைசியாக எனக்குப் போன் செய்தது 2023-ல். 38 லட்சத்தில் 1% என்றால் வருடத்துக்கு 38,000, மாதம் மூவாயிரத்துக்கு மேல், என் கரண்டையும் பெட்ரோலையும் கூட்டினாலும் அதற்குக் கீழேதான். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறோம் நாங்கள்.


கணக்குப்பிள்ளை
வியாழன், இரவு 9.45

அண்ணா, இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்த லிவிங் அன்யூட்டிகள் மொத்தமே 1 சதவீதத்துக்குள் கிடைக்கின்றன. 55 ஆகி அன்யூட்டி வாங்கும்போது எந்தக் கம்பெனி என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதில்லை. மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். அட்வைசரிடம் கோபப்பட வேண்டாம், "இந்த 1 சதவீதத்துக்கு என்ன செய்கிறீர்கள்" என்று மட்டும் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.


மாலைநடை
வியாழன், இரவு 10.30

வீட்டு இன்சூரன்ஸ் இப்போதாவது எடுத்தீர்களா? பழைய வீட்டில் ஒன்று உடைந்தால் தம்பி தங்கை எல்லாம் வரிசையில் நிற்கும். எனக்கு கீசருக்கு அப்புறம் சுவர்.


கடலோரம்55
சனி, இரவு 8.15

எடுத்தாயிற்று, மாதம் 430. அது போக, நேற்று மனைவியோடு உட்கார்ந்து நோட்டைப் புதிதாகப் போட்டோம். மாதச் செலவுக்கு ஒரு பக்கம், உடையும் செலவுக்கு எதிர்ப் பக்கம். எதிர்ப் பக்கத்தில் அவளே எழுத ஆரம்பித்தாள்: ஃப்ரிட்ஜ் 11 வருடம், கார் 14 வருடம், கேட் மோட்டார் சத்தம், அவளுடைய முழங்கால், மகள் கல்யாணம். கடைசியில் எழுதியதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவள் முழங்கால் என்று எழுதிய வரியை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, "இது உன் பிளானில் வருதான்னு பாரு" என்றாள்.

முடிவு இதுதான். 65,000 மட்டும் ரொக்கம். மிச்சத்தை லிவிங் அன்யூட்டியில் போட்டு 4%, கட்டணம் குறைந்த இடம், இரண்டு விலை வந்துவிட்டது, மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன். 60 வரைக்கும் வாரம் இரண்டு நாள் பழைய வேலையையே வெளியாளாகச் செய்ய ஒருவர் கேட்டிருக்கிறார், மோட்டார், பம்ப் பராமரிப்பு. அந்தப் பணம் எதிர்ப் பக்கத்துக்கு மட்டும். 60 ஆனதும் ரேட்ஸில் முதியோர் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதையும் எழுதி வைத்துவிட்டாள்.

மட்டன் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு. ஒன்றுக்கு அவள் சம்மதிக்கவில்லை.

மடும்பி அக்கா, அடுத்த சனிக்கிழமை உங்கள் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வரலாம் என்றிருக்கிறோம், எத்தனை மணிக்கு வந்தால் கார் நிறுத்த இடம் கிடைக்கும்?


மடும்பி
சனி, இரவு 8.40

ஆறரைக்குள் வாங்க தம்பி. பை கொண்டு வாங்க, சில்லறையும். டபுள் பீன்ஸ் இப்போதே வாங்கிவிடுங்கள்.